மூடுபனி இங்கயே இருக்கே, ஃபூஜிக்கு எதுக்குப் போகணும்?

வாசகர் கேள்வி பதில்

நம்ம நீலகிரி, கொடைக்கானல் மலையில இருந்து ஜப்பான் போறவங்க இத்தனை பேர் இருக்கீங்கன்னு இந்த தடவை வந்த கேள்விகளைப் பாத்தப்புறம்தான் தெரியுது. பாதிப்பேருக்கு பையனோ பொண்ணோ டோக்கியோல வேலை, மீதிப்பேர் குரூப் டூர். சுத்தி வளைச்சு எல்லாரும் கேட்டது ஒண்ணேதான், டோக்கியோல இருந்து ஃபூஜி மலைக்கு ஒரே நாள்ல கைடு வெச்சு கூட்டிட்டுப் போய்ட்டு வராங்களே, கூடவே டீ செரிமனி கிமோனோன்னு சேத்து விக்கறாங்களே, அது தேறுமா தேறாதான்னு. சரி, இந்த வாரம் முழுக்க ஃபூஜிதான்.

கேள்வி: பையன் டோக்கியோல இருக்கான், மே மாசம் நானும் வீட்டுக்காரரும் போறோம். ஒரு டூர் பாத்து வெச்சிருக்கான். ஃபூஜி அஞ்சாவது ஸ்டேஷன் (பாதி மலையில பஸ் போய் நிக்கற இடம்), கவாகுச்சி ஏரி, ஓஷினோ ஹக்காய் குளங்கள், சுரேய்ட்டோ பகோடா, டீ செரிமனி, கிமோனோ போட்டோ, கடைசியா ஒரு ஷாப்பிங் மால், ராத்திரிக்குள்ள வீடு. ஒரே காசுக்கு ஏழு ஐட்டம்மா, விடாதீங்கங்கறான். புக் பண்ணிடலாமா?
– கோத்தகிரி வாசகி

பதில்: வேண்டாங்க. பையன் ஆசையாத்தான் சொல்றான், ஆனா அவன் எண்ணினது இடத்தை, நீங்க எண்ண வேண்டியது மணியை. டோக்கியோல இருந்து ஃபூஜி பக்கம் சுமார் 100 கிலோமீட்டர், ரோடு காலியா இருந்தா பஸ் ரெண்டு மணி நேரத்துல போயிடும், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் திரும்பறீங்கன்னா அந்த ரெண்டு எப்ப மூணாகும் மூணரையாகும்னு யாரும் சொல்ல முடியாது. காலைல எட்டு மணிக்கு ஏறி ராத்திரி ஏழுக்கு இறங்கறதா வெச்சுக்கங்க, பதினொரு மணி நேரம். அதுல போக வர அஞ்சு போச்சு. ஏரிக்கரையில இருந்து அஞ்சாவது ஸ்டேஷன் வரைக்கும் ஏற மட்டும் முக்கால் மணிக்கு மேல ஆகும், இறங்கவும் அதே. சாப்பாடு, பாத்ரூம், தலை எண்ணறது, யாரோ ஒருத்தர் லேட்டா வரது. மிச்சம் மூணு மணி நேரம்கூட தேறாது, அதை ஏழு ஐட்டத்துக்கு பிரிச்சா ஒண்ணுக்கு இருபத்தஞ்சு நிமிஷம். இருபத்தஞ்சு நிமிஷத்துல டீ செரிமனியா? நம்ம டவுன் டீக்கடையிலகூட பேப்பர் படிச்சுட்டு எந்திரிக்க அரைமணி ஆகுது.

என்னைக் கேட்டா மூணு. கவாகுச்சி ஏரிக்கரை, ஏதாவது ஒரு கோயில் அல்லது பகோடா, அனுபவம்னு விக்கறதுல ஏதோ ஒண்ணு. ஷாப்பிங் மால் ஐட்டத்தை முதல்ல வெட்டுங்க, அது டோக்கியோலயே தெருவுக்குத் தெரு இருக்கு. ஓஷினோ ஹக்காய் எட்டு ஊத்துக் குளம், ஃபூஜி மேல பேஞ்ச மழையும் பனியும் எரிமலைக் கல்லுக்குள்ள வருஷக்கணக்கா வடிஞ்சு அங்க வெளிய வருது, தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும், ஆழம் எவ்வளவுன்னே கண்ணுக்குப் பிடிபடாது. ஆனா குளத்தைச் சுத்தி கடையும் கூட்டமும் சேந்து திருவிழா கணக்கா இருக்கும். உங்களுக்கு தண்ணி பாக்கப் பிடிக்கும்னா பகோடாவை விட்டுட்டு இதை வெச்சுக்கங்க, ரெண்டையும் இழுக்காதீங்க.

மே மாசம் நல்ல மாசம்தான், ஒரே ஒரு விஷயம், ஏப்ரல் 29ல இருந்து மே 5 வரைக்கும் அவங்களுக்கு கோல்டன் வீக், ஜப்பானே பெட்டி கட்டிட்டு ஊர் சுத்தும் வாரம், அதுல மட்டும் போகாதீங்க. அது முடிஞ்சப்புறம் ஜூன் மழை தொடங்கறதுக்குள்ள போயிட்டா மலை உச்சியில பனியும் மிச்சம் இருக்கும், மொடொசு ஏரி பக்கம் தரையோட படர்ற ரோஸ் கலர் பூ ஷிபாசகுராவும் மே கடைசி வரைக்கும் கொஞ்சம் இருக்கும்.

கைடு வேணுமான்னு பையனையே கேளுங்க. அவனுக்கு ஒரு நாள் லீவு கிடைச்சு, நாலு வார்த்தை ஜப்பானிஸ் பேசினான்னா ஷின்ஜுகு பஸ் டெர்மினல்ல இருந்து கவாகுச்சிகோ ஸ்டேஷனுக்கு நேர் பஸ் இருக்கு, ஏரியைச் சுத்தி டூரிஸ்ட் பஸ் தனித்தனி ரூட்டுல ஓடுது, பிடிச்ச இடத்துல இறங்கி பிடிக்கற வரைக்கும் உக்காரலாம். பையனுக்கு லீவு இல்லைன்னா கைடு டூரே போங்க, அதுல தப்பில்ல. அங்க பஸ் உங்களுக்காக நிக்காதுங்கறதை மட்டும் வீட்டுக்காரர்கிட்ட இப்பவே சொல்லி வெச்சுடுங்க.

கேள்வி: இங்க கோக்கர்ஸ் வாக்குல நின்னா எதிர்ல வெள்ளை வேட்டி கட்டின மாதிரி மூடுபனி. லட்சக்கணக்குல செலவு பண்ணி அங்க போயும் அதே மூடுபனியைப் பாக்கணுமா? ஃபூஜி தெரியுமா தெரியாதா, கறாரா சொல்லுங்க.
– கொடைக்கானல் வாசகர்

பதில்: கறாரா சொல்றேன், கோடையில போனா பெரும்பாலும் தெரியாது, பனிக்காலத்துல போனா பெரும்பாலும் தெரியும். நவம்பர் கடைசில இருந்து பிப்ரவரி வரைக்கும் காத்து காஞ்சு கிடக்கும், டோக்கியோல உயரமான பில்டிங்ல நின்னாலே தெரியற நாளெல்லாம் உண்டு. ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் ஈரக் காத்து மலையில மோதி மேலேறி மேகமாகிடுது, காலைல ஆறு மணிக்கு முழுசா நின்ன மலை பத்து மணிக்கு இருந்த இடமே தெரியாது. குறிஞ்சி ஆண்டவர் கோயில்ல இருந்து பழனி தெரியுமான்னு பாக்க நீங்க எந்த நேரத்துக்குப் போவீங்க? மத்தியானமா போவீங்க? அதே கணக்குதான் அங்கயும். இந்த விஷயத்துல சமவெளிக்காரங்களைவிட நமக்கு அறிவு ஜாஸ்தி, ஃப்ளைட் ஏறினதும் அதை ஏன் மறந்துடறோம்னு தெரியல.

அதனால ஊர்ல இருந்தே தேதி போட்டு காசு கட்டிட்டுப் போகாதீங்க. முந்தின நாள் வரைக்கும் கேன்சல் பண்ணலாம்ங்கற டூரா பாருங்க, ஜப்பான்ல இருக்கற நாள்ல மூணு நாலு நாளை காலியா வெச்சுக்கங்க, முந்தின நாள் சாயங்காலம் வெதர் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. ஏரிக்கரையில லைவ் கேமரா நிறைய வெச்சிருக்காங்க, போன்லயே பாக்கலாம். கியோட்டோவுக்கும் போறீங்கன்னா இன்னொரு சான்ஸ் சும்மா கிடைக்குது, டோக்கியோல ஷிங்கன்சென் புல்லட் ரயில் ஏறும்போது வலது பக்க ஜன்னல், அதாவது ஈ நம்பர் சீட்டு கேட்டு வாங்குங்க, கிளம்பி முக்கால் மணி நேரம் வாக்குல ஷின்-ஃபூஜி ஸ்டேஷன் தாண்டும்போது மலை ஜன்னல் நிறைய வரும்.

இன்னொண்ணு, ஆகஸ்ட்ல தெளிவாவே தெரிஞ்சாலும் உங்க காலண்டர்ல இருக்கற ஃபூஜி அது கிடையாது. வெள்ளைத் தொப்பி இருக்காது, செம்மண் குவிச்ச மாதிரி பழுப்பா நிக்கும். பனி விழறது சாதாரணமா அக்டோபர்ல, 2024ல அதுவும் தள்ளிப்போய் நவம்பர் 7 அன்னிக்குத்தான் உச்சியில வெள்ளை தெரிஞ்சுது, 130 வருஷ ரெக்கார்டுல அவ்வளவு லேட்டா அதுக்கு முன்னாடி வந்ததே இல்ல.

கேள்வி: அம்மாவுக்கு முட்டி வலி, பிபி மாத்திரை வேற. அஞ்சாவது ஸ்டேஷன் ரொம்ப உயரம், மூச்சு வாங்கும்னு டூர்காரங்க எழுதியிருக்காங்க. கூட்டிட்டுப் போகலாமா?
– ஊட்டி வாசகி

பதில்: ஏனுங்க, அம்மா இப்ப இருக்கறதே 2,240 மீட்டர்ல. ஃபூஜி அஞ்சாவது ஸ்டேஷன் 2,305. சேரிங்கிராஸ்ல இருந்து ஃபர்ன்ஹில் பக்கம் ஏறினாப்ல இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். கடல் மட்டத்துல இருந்து நேரா பஸ்ல வந்து இறங்கறவங்களுக்காக எழுதினது அது. உங்களோட சென்னைச் சொந்தக்காரங்க வந்தா அவங்களுக்கு லேசா கிர்ருங்கும், மெதுவா நடக்கச் சொல்லுங்க. ஆனா நீங்களும் டோக்கியோல ஒரு வாரம் இருந்துட்டுத்தான் மேல போவீங்க, அம்மா வேகமா நடந்து வீம்பு காட்ட வேண்டாம், பிபி விஷயத்தை கிளம்பறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.

முட்டிதான் யோசிக்க வேண்டியது. சுரேய்ட்டோ பகோடாவுக்கு 398 படி. பக்கத்துலயே வளைஞ்சு வளைஞ்சு போற சாய்வுப் பாதையும் இருக்கு, ஆனா அதுவும் ஏத்தம்தான். அம்மாவை கீழ இருக்கற அரகுரா செங்கென் கோயில்கிட்ட உக்கார வெச்சுட்டு நீங்க மட்டும் ஏறிட்டு வாங்க, இல்ல ஏரிக்கரை ஓய்ஷி பார்க் போங்க, அங்க சமதரையில பூவும் எதிர்ல மலையுமா இருக்கும், ஒரு படி கிடையாது. டீ செரிமனியில முட்டி மடிச்சு உக்காரணும், புக் பண்ணும்போதே நாற்காலி வேணும்னு சொல்லிடுங்க, வயசானவங்க அவங்க ஊர்லயும் இருக்காங்க, பெரும்பாலும் ஏற்பாடு பண்ணித் தருவாங்க.

கேள்வி: நான் தொட்டபெட்டா ஓடியே ஏறுவேன். ஃபூஜியையும் ஒரே நாள்ல ஏறி இறங்கிட முடியுமா ப்ரோ? ஆகஸ்ட்ல போறேன்.
– கூடலூர் வாசகர்

பதில்: தம்பி, தொட்டபெட்டா 2,637 மீட்டர், நீ ஓடறது கடைசி கொஞ்ச தூரம். ஃபூஜி 3,776. அஞ்சாவது ஸ்டேஷன் வரைக்கும் பஸ்ல போனாலும் அதுக்கு மேல கிட்டத்தட்ட 1,470 மீட்டர் எரிமலைச் சரளையில ஏறணும், அஞ்சுல இருந்து ஏழு மணி நேரம், இறங்க மூணு நாலு. டோக்கியோல இருந்து போற ஒரு நாள் கைடு டூர்ல மலை ஏத்தம் கிடையாது, அஞ்சாவது ஸ்டேஷன்ல போட்டோ எடுத்துட்டு இறங்கறதுதான்.

ராத்திரியோட ராத்திரியா தூங்காம ஏறி சூரியோதயம் பாத்துட்டு இறங்கறவங்களை அங்க புல்லட் கிளைம்பிங்னு திட்டறாங்க, நிறைய பேர் மயங்கி விழுந்து ரெஸ்க்யூ பண்ண வேண்டியதாப் போச்சு. அதனால 2024ல மலையோட வடக்குப் பக்கம் யமனாஷி ஜில்லாவுல இருக்கற யோஷிதா பாதையில கேட்டே போட்டுட்டாங்க. 2025ல இருந்து ஒரு ஆளுக்கு 4,000 யென் கட்டணம், ஒரு நாளைக்கு 4,000 பேர்தான், மத்தியானம் ரெண்டுல இருந்து விடிகாலை மூணு வரைக்கும் மலைக்குடில்ல புக்கிங் இருக்கறவங்களை மட்டும்தான் விடுவாங்க. ஏறலாம்ங்கற சீசனே ஜூலை தொடக்கத்துல இருந்து செப்டம்பர் முதல் பாதி வரைக்கும்தான். உச்சியில ஆகஸ்ட் சராசரியே 6 டிகிரி வாக்குல, காத்து அடிச்சா அதுவும் இல்ல, ஜனவரியில அவலாஞ்சியில உறைபனி பாத்த பையன் நீ, உனக்கு சொல்ல வேண்டியதில்ல. நிஜமா ஏறணும்னா ரெண்டு நாள் ஒதுக்கு, நடுவுல குடில்ல தூங்கு, ரெயின்கோட்டும் ஹெட்லைட்டும் தரமா வாங்கு. அதெல்லாம் முடியாதுன்னா ஏரிக்கரையில நின்னு அண்ணாந்து பாரு.

கேள்வி: நாங்க ரெண்டு தலைமுறையா தேயிலைத் தோட்டத்துக்காரங்க, பச்சைத்தேயிலை பறிச்சு ஃபேக்டரிக்கு போடறோம். பொண்ணு டீ செரிமனிக்கு ஆளுக்கு இவ்வளவுன்னு காசு கட்டப் போறேங்கறா. காசு குடுத்து நான் டீ குடிக்கறதான்னு எனக்கு மானப் பிரச்சனையா இருக்கு.
– குன்னூர் வாசகர்

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்த வாரம் எழுத உக்காந்தேன்னு சொல்லலாம். சார், மத்தவங்க போகலைன்னாலும் நீங்க போகணும். மத்த டூரிஸ்டுக்கு அது பச்சை நிறத் தண்ணியும் முட்டி வலியும்தான், இலை தெரிஞ்ச உங்களுக்குத்தான் அதுல விஷயம் இருக்கு.

செடி ஒண்ணுதான், நம்ம தோட்டத்துல இருக்கற அதே கமெலியா சைனென்சிஸ், அங்க சின்ன இலை வகை. ஆனா நாம என்ன பண்றோம், கொழுந்தை வாட வெச்சு, நசுக்கி, காத்துல சிவக்க விட்டு, அப்புறம் காய வைக்கறோம். அவங்க சிவக்கவே விடறதில்ல, பறிச்ச கையோட ஆவியில காட்டி பச்சையை அப்படியே பிடிச்சு வெச்சுடறாங்க. செரிமனியில போடற மாட்சாங்கற பச்சை டீத் தூளுக்கு அதுக்கும் முன்னாடியே வேலை ஆரம்பிச்சுடும், பறிக்கறதுக்கு சுமார் மூணு வாரத்துக்கு முன்னாடி செடிக்கு மேல பந்தல் போட்டோ கருப்புத் துணி போத்தியோ வெயிலை மறைச்சுடுவாங்க. வெயில் இல்லாத இலை இன்னும் பச்சையம் சேத்துக்கும், கசப்பு குறைஞ்சு ஒரு மாதிரி நாக்குல ஒட்டற ருசி ஏறும். அதை ஆவி காட்டி, உருட்டாம காய வெச்சு, காம்பும் நரம்பும் எடுத்துட்டு, கல் இயந்திரத்துல மெதுவா அரைப்பாங்க. ஒரு கல்லுல ஒரு மணி நேரத்துக்கு 40 கிராம் வாக்குலதான் விழும். இலையை நசுக்கித் தூளாக்கற நம்ம சிடிசி மெஷின் முன்னாடி நின்ன மனுஷன் இதைக் கேட்டா சிரிப்பீங்க, அப்புறம் ஒரு கிலோ விலை கேட்டா சிரிப்பு நின்னுடும்.

செரிமனிக்கு வந்தா, டூர்ல காட்டறது சின்ன வடிவம், முக்கால் மணி நேரம். முதல்ல ஒரு இனிப்பு குடுப்பாங்க, அதை முழுசா சாப்பிட்டு முடிங்க, கசப்பு வரப்போகுது. மூங்கில்ல செஞ்ச சின்ன மத்தால தூளையும் சுடுதண்ணியையும் நுரை வர அடிச்சு கிண்ணத்தை உங்க முன்னாடி வைப்பாங்க, கிண்ணத்துக்கு அழகான பக்கம்னு ஒண்ணு இருக்கும், அதை உங்க பக்கம் பாத்து வைப்பாங்க, நீங்க மரியாதைக்கு கிண்ணத்தை கொஞ்சம் திருப்பி அந்தப் பக்கத்துல வாய் படாம குடிக்கணும். சர்க்கரை, பால் கேக்காதீங்க. கடைசி வாயை சத்தமா உறிஞ்சலாம், அது அங்க நல்லா இருந்துச்சுன்னு அர்த்தம், இது ஒண்ணு நமக்கு பழக்கம்தான். நிதானமா கை துடைக்கறதுல இருந்து தண்ணி மொள்ளறது வரைக்கும் எல்லாத்துக்கும் முறை வெச்சாங்க, 16ஆம் நூற்றாண்டுல சென் நோ ரிக்யூங்கறவர்தான் அதை இந்த அளவுக்கு எளிமையா, சின்ன ரூம், சாதா கிண்ணம்னு கொண்டு வந்தார். பெரிய பிரபுக்களுக்கே டீ சொல்லிக் குடுத்தவர், கடைசில 1591ல ஹிதெயோஷிங்கற ஆட்சியாளரோட உத்தரவுல உயிரை விட்டார். ஒரு டீக்கு பின்னாடி இவ்வளவு கதை.

உங்க பொண்ணுகிட்ட இன்னொண்ணும் சொல்லுங்க. டூர் எல்லாம் மலையோட வடக்குப் பக்கம் யமனாஷிக்குத்தான் போகும், தெற்குப் பக்கம் ஷிசுவோகா, தேயிலைக்கு பேர் போன ஜில்லா. ஃபூஜி சிட்டியில ஓபுச்சி சசாபான்னு ஒரு தோட்டம், தேயிலை வரிசைக்கு பின்னாடி மலை, நடுவுல ஒரு கரண்ட் கம்பிகூட குறுக்க வராது. ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்துல முதல் கொழுந்து, அந்த சமயம் இலை நிறமே வேற. ரெண்டு பேர் வரிசைக்கு ரெண்டு பக்கம் நின்னு மெஷினைப் பிடிச்சுட்டுப் போய் வெட்டறதைப் பாருங்க, ஆள் பஞ்சம் அங்கயும் அதே பஞ்சம்தான், தோட்டத்துல வேலை பாக்கற ஆளுங்க வயசைப் பாத்தீங்கன்னா நம்மளை மாதிரியே இருக்கேன்னு தோணும். என் ஓட்டு, கிமோனோ போட்டோ காசை மிச்சம் பிடிச்சு இங்க ஒரு நாள் போங்க.

கேள்வி: சுத்த சைவம். வெஜிடேரியன்னு சொன்னா குடுக்கறாங்களா? ஊர்ல இருந்து மலைப்பூண்டு, உருளைக்கிழங்கு எடுத்துட்டுப் போய் பொண்ணு வீட்டுல சமைக்கலாம்னு இருக்கேன்.
– மன்னவனூர் வாசகி

பதில்: பூண்டை முதல்ல கீழ வைங்கம்மா. காய், பழம், கிழங்கு, பூண்டு எதுவா இருந்தாலும் நம்ம அரசாங்கத்தோட செடிநோய் சோதனை சர்டிபிகேட் இல்லாம ஜப்பானுக்குள்ள விடமாட்டாங்க, ஏர்போர்ட்லயே பிடுங்கிடுவாங்க. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்சதெல்லாம் அங்க செல்லாது. இட்லிப்பொடி, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் எடுத்துக்கங்க.

சாப்பாட்டுல வில்லங்கம் கண்ணுக்குத் தெரியறதுல இல்ல, தண்ணியில இருக்கு. சூப்பு, நூடுல்ஸ், காய் வேக வெச்சது, எல்லாத்துக்கும் அடியில தாஷின்னு ஒரு ரசம், பெரும்பாலும் காஞ்ச மீனைச் சீவிப் போட்டு எடுத்தது. மேல பாத்தா பூசணிக்காயும் காளானும்தான் மிதக்கும். யமனாஷியோட ஸ்பெஷல் ஹோட்டோ நூடுல்ஸ் அப்படித்தான், தட்டையா தடியா நூடுல்ஸ், பூசணிக்காய், மிசோங்கற சோயா விழுது போட்டு இரும்புச் சட்டியில கொதிக்க கொதிக்க வரும், அந்தக் குளிருக்கு அமிர்தம், ஆனா ரசம் எதுல எடுத்ததுன்னு கேக்காம வாயில வைக்காதீங்க. கறி வேண்டாம்னு மட்டும் சொன்னா மீன் சரின்னு எடுத்துக்குவாங்க. மீன் ரசமும் கூடாதுன்னு டூர் புக் பண்ணும்போதே எழுதிக் கேளுங்க, முடியாதுன்னா முடியாதுன்னு பதில் வந்துடும், அதுவும் நல்லதுதான். பொண்ணை விட்டு ஜப்பானிஸ்ல ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கங்க. பஸ் ஏறும் முன்னாடி கடையில உமெபோஷிங்கற புளிப்புப் பழம் வெச்ச சோத்து உருண்டை ரெண்டு வாங்கிப் பையில போட்டுக்கிட்டா பயமில்ல, நம்ம ஊறுகாய் சோறுதான். புத்த மடங்கள்ல ஷோஜின் ரியோரின்னு மீன் ரசம்கூட இல்லாத சாப்பாடு உண்டு, ஒரு வேளையாவது தேடிப்போய் சாப்பிடுங்க.

கேள்வி: கிமோனோ கட்டி பகோடா மேல போட்டோ எடுக்கணும். டிப்ஸ் ப்ளீஸ்!
– கொடைக்கானல் காலேஜ் வாசகி

பதில்: அம்மணி, 398 படியை கிமோனோவுல, அந்தச் செருப்போட? ஏறிடுவே, இறங்கறப்ப தெரியும். ஏரிக்கரையில எடு. இடது பக்கத் துணி வலது பக்கத்து மேல வரணும், மாத்திப் போட்டா அது இறந்தவங்களுக்கு உடுத்தற முறை, கடைக்காரங்க சரியாத்தான் கட்டிவிடுவாங்க, நீ பாத்ரூம் போய்ட்டு வந்து சரி பண்றப்ப கவனம். போன் கேமரா செல்ஃபி மோட்ல படம் இடவலம் மாறி விழும், அதை அப்படியே போட்டு ஜப்பான் ஃப்ரெண்டு யாராவது பாத்து பதறப் போறாங்க.

கேள்வி: டூர்ல வெந்நீர் ஊத்துக் குளியலும் சேத்திருக்காங்க. துணி இல்லாமத்தான் குளிக்கணுமாமே, நிஜமா?
– பேர் வேண்டாம், ஊட்டி

பதில்: நிஜம். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. வெளிய உக்காந்து சோப்பு போட்டு முழுசா குளிச்சுட்டுத்தான் தொட்டிக்குள்ள இறங்கணும், துண்டைத் தண்ணியில முக்கக் கூடாது, பச்சை குத்தியிருந்தா சில இடத்துல விடமாட்டாங்க. கூச்சமா இருந்தா குடும்பத்துக்குன்னு தனியா வாடகைக்கு விடற ரூம் இருக்கான்னு கேளுங்க, இல்ல கால் மட்டும் நனைக்கற தொட்டி இருக்கு, பேன்ட்டை மடிச்சு விட்டா போதும்.

கேள்வி: எங்க படுகர் ஊர்கள்ல ரங்கசாமி பீக்கை மலைன்னு பாக்கறதில்ல, சாமியாத்தான் பாக்கறோம். தோடர்களுக்கும் ஒவ்வொரு சிகரமும் ஒரு தெய்வம். ஃபூஜி அவங்களுக்கு சாமியா, இல்ல இப்ப போட்டோ பாயிண்ட் மட்டும்தானா?
– கோத்தகிரி பக்கத்து வாசகர்

பதில்: ரெண்டும். 2013ல யுனெஸ்கோ ஃபூஜியை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்தப்ப இயற்கைன்னு சேக்கல, பண்பாடுன்னுதான் சேத்தாங்க, புனிதத் தலம், கலைக்கு ஊத்துக்கண்ணுன்னு. மலைக்கு உரிய தெய்வம் கொனோஹனசகுயாங்கற பெண் தெய்வம், அவங்களுக்கு செங்கென் கோயில்கள் மலையைச் சுத்தி இருக்கு. ஃபூஜியோஷிதாவுல இருக்கற கிதகுச்சி ஹொங்கு கோயில்ல இருந்துதான் அந்தக் காலத்துல யாத்திரைக்காரங்க கால்நடையா கிளம்புவாங்க, பெரிய பெரிய சீடர் மரம் ரெண்டு பக்கமும் நிக்கற பாதை, ஒரு நாள் டூர்ல பாதிக்கு மேல இதைச் சேக்கறதே இல்ல, எனக்கு அதுதான் வயித்தெரிச்சல். அங்க போனா வாசல்ல கை கழுவிட்டு, ரெண்டு தரம் குனிஞ்சு, ரெண்டு தரம் கை தட்டி, மறுபடி ஒரு தரம் குனிஞ்சு கும்பிடணும்.

ரங்கசாமி மலைக்கு விரதம் இருந்து போற மாதிரி அங்கயும் வெள்ளைத் துணி கட்டி கூட்டமா ஏறற வழக்கம் இருந்துச்சு, எடோ காலத்துல, அதாவது 17ல இருந்து 19ஆம் நூற்றாண்டு வரைக்கும், ஃபூஜி-கோன்னு பக்தர் சங்கங்கள், ஊர்ல எல்லாரும் காசு போட்டு வருஷத்துக்கு சில பேரை அனுப்புவாங்க, நம்ம சீட்டு முறைதான். பொம்பளைங்களுக்கு 1872 வரைக்கும் உச்சிக்குத் தடை. 1832லயே தகயாமா தட்சுங்கற பெண் ஆண் வேஷம் போட்டு ஏறிட்டு வந்துட்டாங்க. போக முடியாதவங்களுக்காக டோக்கியோவுக்குள்ளயே ஃபூஜில இருந்து எரிமலைக் கல் கொண்டு வந்து குட்டி ஃபூஜி கட்டி வெச்சாங்க, செந்தகயாவுல ஹதோனோமோரி கோயில்ல 1789ல கட்டினது இன்னும் இருக்கு, ரெண்டு நிமிஷத்துல ஏறிடலாம். மேகம் மூடி டூர் கேன்சல் ஆச்சுன்னா அங்க போங்க, அதுவும் முறையான யாத்திரைதான்.

கேள்வி: எரிமலைங்கறாங்களே, வெடிச்சுடாதே?
– மஞ்சூர் வாசகி

பதில்: கடைசியா வெடிச்சது 1707ல, சாம்பல் டோக்கியோ வரைக்கும் விழுந்துச்சு. இன்னும் உயிருள்ள எரிமலைதான், அவங்க வானிலைத் துறை ராப்பகலா கண்காணிக்குது. ஒரு நாள் டூருக்கு குடை எடுத்துட்டுப் போங்க, அது போதும்.

கேள்வி: ஊட்டியில டாக்ஸி ஓட்டறேன். வெளியூர் டூரிஸ்ட் வண்டிக்கு இ-பாஸ் வந்ததுல இருந்து சவாரி எப்ப வரும் எப்ப வராதுன்னே தெரியல. ஜப்பான்ல கூட்டம் வந்தா என்ன பண்றாங்க? வண்டிக்காரன் பொழப்பு அங்க எப்படி?
– ஊட்டி வாசகர்

பதில்: அங்கயும் பூட்டுதான் அண்ணே. நமக்கு 2024 மே 7ல ஹைகோர்ட் உத்தரவுல இ-பாஸ் வந்துச்சு, 2025 ஏப்ரல்ல இருந்து சீசனுக்கு நீலகிரிக்கு வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000னு எண்ணிக்கையும் வெச்சாங்க. அதே 2024 மே மாசம் ஃபூஜி அடிவாரத்துல ஒரு கடை கூரைக்கு மேல மலை உக்காந்த மாதிரி தெரியுதுன்னு உலகமே ரோட்டுக் குறுக்க நின்னு போட்டோ எடுக்க, ஊர்க்காரங்க வெறுத்துப்போய் ரெண்டரை மீட்டர் உயரத்துல 20 மீட்டர் நீளத்துக்கு கருப்புத் திரையே கட்டிட்டாங்க. அதுலயும் ஓட்டை போட்டானுங்க, ஆகஸ்ட்ல கழட்டி வெச்சுட்டாங்க. குப்பை விஷயத்துல மட்டும் நம்மளைவிட கெட்டி, நீலகிரியில பிளாஸ்டிக் பாட்டிலுக்கு தடை போட்டும் ரோட்டோரம் பாக்கறோமே, அங்க தெருவுல குப்பைத் தொட்டியே கிடைக்காது, அவங்கவங்க குப்பை அவங்கவங்க பையிலயே வீடு வரைக்கும் போகும்.

வண்டிக்காரன் பொழப்பு கேட்டீங்களே, அதுல உங்களுக்கு ஒரு நல்ல சேதி இருக்கு. மலை ஏத்த சீசன்ல அஞ்சாவது ஸ்டேஷன் போற சுபாரு லைன் ரோட்டுல சொந்தக் காருக்குத்தான் தடை, பஸ்ஸும் டாக்ஸியும் போகலாம். கீழ பார்க்கிங்ல காரை விட்டுட்டு ஷட்டில் பஸ்ல ஏறணும். கல்லட்டி ரோட்டுலயும் தொட்டபெட்டா ஜங்ஷன்லயும் அப்படி ஒரு ஏற்பாடு வந்தா யாருக்கு லாபம்னு உங்க ஸ்டாண்டுல பேசிப் பாருங்க, என் வாயால சொன்னா ஹோட்டல்காரங்க சண்டைக்கு வருவாங்க.

இன்னொண்ணும் நீங்களே பண்ணலாம். பொட்டானிக்கல் கார்டன், போட் ஹவுஸ், தொட்டபெட்டா, டீ ஃபேக்டரி, சிம்ஸ் பார்க், டால்பின்ஸ் நோஸ்னு ஒரே நாள்ல ஆறு பாயிண்ட் அடிக்கறோமே, மேல கோத்தகிரி அம்மா பையன் புக் பண்ணப் போன டூர் எதுவோ அதேதான் இது. குன்னூர் பக்கம் மட்டும் ஒரு அரை நாள், தோட்டத்துல நடை, கொழுந்து பறிக்கறது, ஃபேக்டரியில இலை சிவக்கற வாசனை, ஒரு படுகர் வீட்டுச் சாப்பாடு, இதை ஒரு ரேட்டு போட்டு சொல்லிப் பாருங்க. டீசல் பாதி மிச்சம். தோட்டம் குடுக்க ஆள் வேணும்னா மேல கேள்வி கேட்ட குன்னூர் சார் இருக்கார், அவர் சம்மதிச்சா நம்பரை பத்திரிகை மூலமா வாங்கித் தரேன்.